மண்டிக்காரருக்கு ஐபோன் எதற்கு?

ராயக்கோட்டை மண்டி:
எங்கள் மச்சான் தக்காளி மண்டி வைத்திருக்கிறார், போன் மாற்றப் போகிறார். ஓசூரில் வேலை செய்யும் பையன்கள் எல்லாரும் ஐபோன் வாங்கச் சொல்கிறார்கள். நான் ஆண்ட்ராய்டு என்கிறேன், காரணம் சிம். இங்கே விற்கும் ஐபோனில் ஒரு சிம்தான் கையால் போடலாம், இரண்டாவது இ-சிம், அதாவது போனுக்குள்ளேயே பதிந்திருக்கும், கழற்ற முடியாத சிம். விடியற்காலை லோடு ஏறும்போது போன் விழுந்து டிஸ்பிளே போனால், ஆண்ட்ராய்டில் இருந்து இரண்டு சிம்மையும் கழற்றி ஒரு பட்டன் போனில் போட்டு உடனே பெங்களூர் வியாபாரியைப் பிடித்துவிடலாம். இ-சிம்மை அந்த நேரத்தில் யார் மாற்றித் தருவார்கள்?

ஓசூர் நைட் ஷிப்ட்:
அண்ணா, போன் உடைவது என்றைக்கோ ஒரு நாள். தினமும் நடப்பதைப் பாருங்கள். கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்று வாட்ஸ்அப்பில் ஏபிகே ஃபைல் (பிளே ஸ்டோர் இல்லாமல் நேரடியாக ஆப் ஏற்றும் ஆண்ட்ராய்டு ஃபைல்) வருகிறது, அதை இன்ஸ்டால் செய்து கேட்ட அனுமதியெல்லாம் கொடுத்தால் ஓடிபி திருடன் கைக்குப் போய்விடும். ஐபோனில் அந்த ஃபைல் வேலையே செய்யாது. அப்புறம் அப்டேட். 2015-ல் வந்த ஐபோன் 6எஸ்-க்கு 2021-ல் புது சாஃப்ட்வேர் ஐஓஎஸ் 15 கொடுத்தார்கள். அந்த வருஷம் இங்கே வந்த ஆண்ட்ராய்டு எதற்கு ஆறு வருஷம் கழித்துப் புது வெர்ஷன் வந்தது? டாடா ஆலையில் ஐபோன் பாகம் செய்யும் ஊர் என்கிற பெருமைக்காகப் பேசவில்லை.

அரூர்க்காரி:
ஏபிகே தானாக ஏறாது தம்பி. அனுமதி கேட்கும், நாம்தான் சரி என்று தட்டுகிறோம்.

ஓசூர் நைட் ஷிப்ட்:
கேட்கும்தான் அக்கா. ஒரு காதில் போன், எதிரே ஏலம், பக்கத்தில் லாரிக்காரர் வாடகைக்கு நிற்கிறார், அந்த நேரத்தில் திரையில் வருவதை யார் படிப்பார்கள்? அதனால்தான் அந்த ஃபைல் நுழையக் கதவே இல்லாத போன் அவருக்கு நல்லது என்கிறேன்.

பழையபேட்டை சர்வீஸ்:
அப்டேட் கதை மாறிவிட்டது. 2023-ல் கூகுளின் பிக்சல் 8, 2024-ல் சாம்சங்கின் கேலக்ஸி எஸ்24, இரண்டுக்கும் ஏழு வருஷம் அப்டேட் என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆனால் அதெல்லாம் விலை கூடிய போன்கள், பன்னிரண்டாயிரம் ரூபாய் போனில் அதை எதிர்பார்க்க முடியாது. டிஸ்பிளே விஷயம் வேறு. ஐபோன் 11-ல் இருந்து வெளி டிஸ்பிளே போட்டால் இது ஒரிஜினல்தானா என்று தெரியவில்லை என செட்டிங்ஸில் காட்டும். போன் ஓடும், விற்கப் போனால் விலை அடிபடும்.

ராயக்கோட்டை மண்டி:
கால் ரெக்கார்டிங்கை ஏன் யாரும் பேசவில்லை? பெட்டி இன்ன விலை என்று காலையில் வாயால் பேசியதைச் சாயங்காலம் இல்லை என்பார்கள். மச்சானுக்கு அந்தப் பதிவுதான் சாட்சி. ஐபோனில் 2024-ல்தான், ஐஓஎஸ் 18.1-ல்தான் அது வந்தது, அதுவும் எதிராளிக்குச் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் பதியும்.

ஓசூர் நைட் ஷிப்ட்:
கூகுள் டயலர் (கால் பேசும் ஆப்) வரும் ஆண்ட்ராய்டும் அப்படியே அறிவிக்கும் அண்ணா. பதியும் ஆப்களுக்கு 2022-லேயே பிளே ஸ்டோரில் வழியை அடைத்துவிட்டார்கள். பேசிய விலையை அப்போதே வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், அது எந்தப் போனிலும் நிற்கும்.

ராயக்கோட்டை மண்டி:
ஏலத்தில் நிற்கிறவர் டைப் அடிக்க மாட்டார், வாய்ஸ் மெசேஜ் வேண்டுமானால் போடுவார். சொந்த டயலரில் அறிவிக்காமல் பதியும் கம்பெனிகள் இன்னும் இருக்கின்றன, அதைத்தான் வாங்கித் தரப்போகிறேன். ஏபிகே விஷயத்தில் நீ சொல்வது சரி தம்பி. வங்கிக் கணக்கு இருக்கும் சிம் தங்கச்சி போனில் இருக்கட்டும் என்று சொல்லிவிடுகிறேன்.