பதில்: வேப்பர் லொக் – ‘ஆவிப்பூட்டு’ வேண்டாம், ‘ஆவியடைப்பு’ என்போம்

வணக்கம்.

பழைய கார்களுக்காக நாம் எழுதும் பழுதுபார்ப்புக் கையேட்டில், வேப்பர் லொக்குக்கு (vapour lock, சூட்டில் பெற்றோல் குழாய்க்குள்ளேயே ஆவியாகிக் காரை நிறுத்திவிடும் பழுது) சென்னை நண்பர் முன்வைத்த ‘ஆவிப்பூட்டு’ என்ற சொல்லைப் பார்த்தேன். அகராதிப்படி குறை சொல்ல முடியாது. ஆனால் கையேட்டில் அது எங்களுக்குச் சரிவராது. இங்கே பூட்டுவது என்றால் பொருத்துவது. காபரேற்றரைக் கழற்றிக் கழுவிப் பூட்டினேன், பிளக்கைப் பூட்டிவிட்டு ஸ்ராட் பண்ணிப் பார் என்றுதான் கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பேசுகிறோம். கையில் ஸ்பானரோடு நிற்பவர் ‘பெற்றோல் பம்ப்பில் ஆவிப்பூட்டு’ என்று வாசித்தால், எதைப் பூட்டச் சொல்கிறார்கள் என்று தேடுவார்.

என் பரிந்துரை ‘ஆவியடைப்பு’. அதற்கான காரணம் பழுதுக்குள்ளேயே இருக்கிறது.

பெற்றோல் தண்ணீரைப் போல ஒரே வெப்பநிலையில் கொதிப்பதில்லை. பல ஐதரோகாபன்களின் கலவை அது. இலேசானவை ஏறக்குறைய 35 பாகை செல்சியஸில் கொதிக்கத் தொடங்கும். பாரமானவை 200 பாகை வரை தாக்குப்பிடிக்கும். டட்சன் சன்னி, கொரோலா போன்ற பழைய கார்களில் பம்ப் எஞ்சினோடு ஒட்டியிருந்து, பின்னால் உள்ள தாங்கியிலிருந்து பெற்றோலை உறிஞ்சுகிறது. உறிஞ்சும் பக்கத்தில் அமுக்கம் குறைவு. அமுக்கம் குறைந்தால் கொதிநிலையும் இறங்கும். ஏப்ரல் மத்தியானம், காலி வீதியில் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைக்கு ஊர்ந்து வருகிற காரின் பொனெற்றுக்குள் காற்றோட்டம் ஏது? குழாய்க்குள்ளேயே பெற்றோல் ஆவியாகிக் குமிழி கட்டிவிடும். பம்ப்பின் டயபிரம் (பெற்றோலைத் தள்ளும் சவ்வு) அசைந்துகொண்டுதான் இருக்கும். ஆனால் ஆவி அமுங்கும், விரியும், அவ்வளவுதான். திரவம் நகராது. பெற்றோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் காபரேற்றர் காய்ந்து கார் நடுவீதியில் நின்றுவிடும்.

மொறிஸ் மைனர் கார் வைத்திருப்பவர்களுக்கு இதைக் காதாலேயே கண்டுபிடிக்கலாம். அதிலுள்ள எஸ்.யு. மின் பம்ப், சாவியைத் திருப்பியதும் டிக் டிக் என்று அடித்து, காபரேற்றர் நிறைந்ததும் அடங்கிவிடும். தாங்கியில் பெற்றோல் இருந்தும் அடங்காமல் படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால், அது பெற்றோலைத் தள்ளவில்லை. ஆவியையோ, எங்கோ ஒரு இணைப்பு வழியாகப் புகுந்த காற்றையோ இழுத்துக்கொண்டிருக்கிறது. அந்த எஞ்சினில் காபரேற்றர், சூடான புகை வெளியேறும் எக்ஸோஸ்ட் மனிபோல்டுக்கு நேர்மேலே இருப்பதால் சூட்டுக்குக் குறைவே இல்லை. ஈரத்துணியை மடித்துப் பம்ப்பின் மேலும் குழாயின் மேலும் போடுவது பழைய வைத்தியம், வேலை செய்யும். துணி சூடேறியதும் மறுபடி நனைத்துப் போடவேண்டும். ஒன்று மட்டும்: பிளாஸ்ரிக் வடிகட்டி பாதி வெறுமையாகத் தெரிவதை வைத்து ஆவியடைப்பு என்று முடிவு கட்டாதீர்கள். நன்றாக ஓடும் கார்களிலும் அது அப்படி இருக்கும்.

ஆக நடப்பது அடைப்பு. மூக்கடைப்பு, மாரடைப்பு என்று எத்தனையோ சொற்களில் தமிழ் இதே உறுப்பை வைத்திருக்கிறது. வினையாக்கிப் பார்த்தாலும் நிற்கிறது: ‘கார் ஆவியடைத்து நின்றுவிட்டது.’ கராஜில் ‘குழாய்க்குள்ள அடைச்சிட்டுது’ என்று எப்படியும் சொல்கிறார்கள். நாம் முன்னால் ஒரு ‘ஆவி’யைச் சேர்க்கிறோம். ‘ஆவிப்பூட்டு’ப் பக்கம் இப்படி ஒரு வினை கிடைக்காது.

மட்டக்களப்பு அக்கா எழுப்பிய கேள்வி நியாயமானது: காபரேற்றரின் ஜெற்றில் (பெற்றோல் போகும் சிறு துளை) தூசி அடைத்தாலும் அடைப்புத்தானே, குழப்பம் வராதா? அதனால்தான் ‘ஆவி’யை எங்கும் விடக்கூடாது என்கிறேன். தூசியால் வருவதைத் ‘தூசியடைப்பு’ என்று எழுதுவோம். டீசல் வண்டியில் குழாய்க்குள் புகுந்த எயாரை வெளியே எடுக்கவேண்டி வருகிற பழுது ‘காற்றடைப்பு’. மூன்றும் ஒரே குடும்பமாக இருந்தால், ஒன்றைப் படித்தவருக்கு மற்றவை தானாகப் புரியும்.

இனி எனக்கு முக்கியமாகப் படுவது. இங்கே பல கராஜ்களில் வேப்பர் லொக் என்ற ஒரே பெயரில் இரண்டு பழுதுகளைச் சொல்கிறார்கள். இரண்டாவது இப்படி: சூடான காரை நிறுத்திவிட்டுக் கடைக்குப் போய், பத்துப் பதினைந்து நிமிடத்தில் திரும்புகிறோம். எஞ்சின் நின்றதும் விசிறியும் நின்றுவிட்டது, தண்ணீரும் சுற்றவில்லை. சூடு மேலே ஏறிக் காபரேற்றரின் கிண்ணத்தில் உள்ள பெற்றோல் கொதித்து, எஞ்சினுக்குள் கலவை போகும் இன்லெற் மனிபோல்டுக்குள் வழிந்திருக்கிறது. பொனெற்றைத் திறந்தால் பெற்றோல் மணக்கும், பிளக் நனைந்திருக்கும். இங்கே சிக்கல் பெற்றோல் இல்லாததல்ல, கூடியது. அக்சிலறேற்றரைக் கடைசி வரை அமுக்கிப் பிடித்தபடி ஸ்ராட் பண்ணவேண்டும். விட்டு விட்டு அமுக்கினால் இன்னும் பெற்றோல் போகும். ஆவியடைப்புக்கு இந்த வழி உதவாது, அதற்குக் குளிர்விக்கவேண்டும். எதிரெதிரான இரண்டு பழுதுக்கு ஒரே பெயர் இருந்தால், கையேட்டைப் பார்த்துத் தானே திருத்த நினைப்பவர் பற்றரி இறங்கும்வரை சாவியைத் திருப்பிக்கொண்டிருப்பார். ஆகவே இதற்குத் தனியாகக் ‘கொதிவழிவு’ என்று வைப்போம். ‘பொங்கல்’ இன்னும் பொருத்தமாக இருந்திருக்கும், ஆனால் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது.

இந்த இரண்டையும் போலவே நடிக்கிற மூன்றாவது ஒன்றும் உண்டு: சூட்டில் செயலிழந்து, ஆறியதும் உயிர்பெறும் இக்னிஷன் கொயில் (பிளக்கில் தீப்பொறிக்கு மின்சாரம் தருவது). ‘ஆறவிட்டால் ஓடும்’ என்பது மூன்றுக்கும் பொது. கார் நின்ற அந்த நேரத்திலேயே பிளக்கில் தீப்பொறி வருகிறதா என்று பார்த்தால்தான் பிரித்தறியலாம். பெற்றோல் மணம் இருக்கும்போது தீப்பொறி பார்க்கக்கூடாது என்பதைக் கையேட்டில் தடித்த எழுத்தில் போடவேண்டும். அப்புறம், கொயிலின் பெயரை மாற்றத் தேவையில்லை. கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் உள்ள பஞ்சிகாவத்தையில் போய்க் கேட்டு வாங்கவேண்டிய சாமான் அது. கொயில் என்றால்தான் கிடைக்கும். பழுதின் பெயர் தமிழில், பாகத்தின் பெயர் கடையில் சொல்வதுபோல. இதை நாம் பொதுவாகவே கடைப்பிடிக்கலாம்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. இடையில் இங்கே பலர் இருந்த பழைய காரையே ஓட்டினார்கள். அவர்கள் வீட்டு முற்றத்தில் வைத்து வாசிக்கப்போகும் கையேடு இது.

பதிவுக்கான வரைவு:

ஆவியடைப்பு: பெற்றோல் குழாயிலோ பம்ப்பிலோ சூட்டினால் ஆவி சேர்ந்து, திரவப் பெற்றோல் காபரேற்றருக்குப் போகாமல் நிற்கும் பழுது.

கொதிவழிவு: காபரேற்றர்க் கிண்ணத்துப் பெற்றோல் எஞ்சினின் சூட்டில் கொதித்து இன்லெற் மனிபோல்டுக்குள் வழியும் பழுது.

மறுப்பு இருந்தால் எழுதுங்கள். மதுரை, கோவைப் பக்கம் மெக்கானிக்குகள் இவற்றுக்கு வேறு சொல் வைத்திருந்தால் அதையும் அறியத் தாருங்கள் ஐயா.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து