தண்டர்பேர்டில் மடல் வருகிறது, அனுப்ப முடியவில்லை: உதவி தேவை

நண்பர்களுக்கு வணக்கம். எங்கள் ஊர் நூலகத்தின் மின்னஞ்சலை இதுவரை உலாவியில்தான் பார்த்து வந்தோம். இணையம் அடிக்கடி அறுந்துபோவதால், பழைய கடிதங்கள் கணினியிலேயே இருக்கட்டும் என்று தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் கணக்கைச் சேர்த்தேன். பலரும் வெவ்வேறு கணினிகளில் பார்க்கும் கணக்கு என்பதால் கடிதங்களை ஒரு கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப் முறை வேண்டாம், சர்வரிலேயே வைத்து எல்லாக் கணினிகளிலும் ஒன்றுபோல் காட்டும் ஐமேப்தான் சரி என்பது என் முடிவு. போர்ட் (இணைப்பு வாயில் எண்) 993, குறியாக்கம் எஸ்எஸ்எல். கடிதங்கள் அத்தனையும் ஒழுங்காக இறங்கிவிட்டன.

அனுப்புவதில்தான் சிக்கல். கடிதம் அனுப்பும் முறையான எஸ்எம்டிபிக்கு போர்ட் 25 என்று இருந்தபோது, நெடுநேரம் காத்திருக்க வைத்துவிட்டு இணைப்பு கிடைக்கவில்லை என்றது. பல இணையச் சேவைகள் 25ஐ அடைத்து வைத்திருக்கும் என்பதால் 587, குறியாக்கம் ஸ்டார்ட்டிஎல்எஸ் என்று மாற்றினேன். இப்போது இணைகிறது, ஆனால் கடவுச்சொல்லை ஏற்க மறுக்கிறது. அதே கடவுச்சொல்லில்தான் கடிதங்கள் வந்து இறங்குகின்றன! இருபடிச் சரிபார்ப்பும் இந்தக் கணக்கில் இல்லை.

அனுப்பும் சர்வருக்கு மட்டும் பயனர் பெயராக முழு முகவரியையும் கொடுக்க வேண்டுமா? இப்போது அட் குறிக்கு முன்னால் உள்ள பகுதி மட்டுமே இருக்கிறது. அல்லது 465க்கு மாறிப் பார்க்கலாமா? புத்தகம் நன்கொடை தந்தவர்களுக்கான நன்றிக் கடிதங்கள் வரைவிலேயே கிடக்கின்றன. விவரம் தெரிந்தவர்கள் அருள்கூர்ந்து சொல்லுங்கள்.