இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் படிக்கிறேன், ஜெர்மனிக்கு இப்போதே என்ன செய்யலாம்?

அண்ணா, அக்கா, வணக்கம். ஊர் கரூர். அப்பா பஸ் பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். கடன் குறைவாக ஆகும் என்றுதான் ஜெர்மனியில் எம்.எஸ்சி. படிக்க நினைக்கிறேன்.

அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் செமஸ்டருக்கு 1,500 யூரோ என்ற அளவுக்குத் தெரியும். விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில் (செலவுக்கு மாதாமாதம் கொஞ்சமாக மட்டும் எடுக்க முடிகிற கணக்கு) 11,904 யூரோ போட வேண்டுமாமே? அதை ரூபாயில் போட்டுக் காட்டியதும் அம்மா கால்குலேட்டரை வாங்கி இன்னொரு தடவை பெருக்கிப் பார்த்தார். அதே தொகைதான் வந்தது.

இப்போது என் கவலை மார்க். சி.ஜி.பி.ஏ. 7.4. நம் மார்க்கை ஜெர்மன் மார்க்காக மாற்றும் பவேரியன் ஃபார்முலாவில் போட்டால் 2.56 வருகிறது (அங்கே எண் குறைந்தால்தான் நல்ல மார்க்). நிறைய படிப்புகளில் 2.5 அல்லது அதற்குக் கீழே கேட்கிறார்கள். நூலிழையில் நிற்கிறேன்! முதல் செமஸ்டர் கணக்கில் ஒரு அரியர் வேறு, அடுத்த முறையே எழுதி முடித்துவிட்டேன். ஏ.பி.எஸ். சான்றிதழ் (நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்து ஜெர்மன் தரப்பு தருவது) வாங்கும்போது அது பிரச்சினை ஆகுமா?

ஐ.இ.எல்.டி.எஸ். இரண்டு வருடம்தான் செல்லும் என்பதால் அதை இப்போது தொடவில்லை. ஜெர்மன் மொழியின் முதல் நிலையான ஏ1 இந்த விடுமுறையிலேயே ஆரம்பிக்கலாமா, இல்லை மார்க்கை ஏற்றுவதில் மட்டும் கவனம் வைக்கட்டுமா? ஒரு கன்சல்டன்சியில் இப்போதே முன்பணம் கட்டச் சொன்னார்கள், சரி யோசிக்கிறேன் என்று வந்துவிட்டேன்.

மெக்கானிக்கல் முடித்து அங்கே போனவர்கள் இருந்தால், மூன்றாம் ஆண்டில் என்ன புராஜெக்ட், இன்டர்ன்ஷிப் செய்தீர்கள் என்று சொல்லுங்கள்.