பழைய ஓட்டுக் கட்டடப் பள்ளி: டெஸ்டரில் எட்டு விளக்கும் எரிகிறது, ஜிகாபிட் மட்டும் வரவில்லை

ஓட்டுப்பள்ளி டீச்சர் (நாகர்கோவில்)

வணக்கம். நாகர்கோவிலில் உதவிபெறும் பள்ளி ஒன்றில் கம்ப்யூட்டர் எடுக்கிறேன். கட்டடம் திருவிதாங்கூர் காலத்தது, 1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டுப் பக்கம் சேருவதற்கு முன்பே கட்டியது. முன்கட்டு முழுக்கக் கருங்கல்லும் சுண்ணாம்பும். சுவர் ஒன்றே முக்கால் அடி கனம். மேலே கழுக்கோல், பட்டியல் என்ற மரச்சட்டங்கள், அதன் மேல் மங்களூர் ஓடு. அதற்குக் கீழே பலகை மச்சு. பின்கட்டு முற்றம் தாண்டி இருக்கிறது, பிறகு கட்டிய கான்கிரீட்.

முன்னாள் மாணவர்கள் பணம் தந்ததால் கோடை விடுமுறையில் கேட்-6 என்ற நெட்வொர்க் கேபிள் இழுத்தோம். ஆபீஸ் அறையில் ரேக், அதில் 24 போர்ட் ஜிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்) ஸ்விட்ச், அதாவது எல்லாக் கேபிளும் வந்து சேரும் பெட்டி. முன்கட்டில் 14 பாயிண்ட். பின்கட்டு லேபுக்கு ஒரே ஒரு கேபிள் போய், அங்கே சின்ன ஸ்விட்ச், அதிலிருந்து பத்து கம்ப்யூட்டர். வேலை பார்த்தவர்கள் வழக்கமான வீட்டு ஒயரிங் ஆட்கள்தான். நெட்வொர்க் ஆள் கேட்ட கூலி எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை.

இப்போது பிரச்சினை: முன்கட்டில் 8 பாயிண்ட் ஜிகாபிட்டில் ஓடுகிறது. 6 பாயிண்ட் 100 மெகாபிட்டைத் தாண்டவே இல்லை. அதிலும் பெரிய ஃபைல் காப்பி செய்தால் பாதியில் நின்று நின்று போகிறது. கேபிளின் எட்டுக் கம்பியையும் சோதிக்கும் டெஸ்டர் வைத்தால் ஒன்று முதல் எட்டு வரை விளக்கு வரிசையாக எரிகிறது! லேப் கேபிள் மழை பெய்தாலே செத்துவிடும். போன வாரம் ஐப்பசி இடிமழையில் இரண்டு முனையிலும் அந்தக் கேபிள் செருகியிருந்த போர்ட்டுகள் போய்விட்டன. வேறு போர்ட்டில் மாற்றிப் போட்டு ஓட்டுகிறேன்.

தலைமையாசிரியர் "கட்டடம் பழசு, அதான்" என்கிறார். சுவருக்கும் வேகத்துக்கும் சம்பந்தம் உண்டா?

மார்த்தாண்டம் கேபிள்காரன்

டீச்சர், கேபிள் சம்பந்தமாக எனக்கு ஒரே சந்தேகம்தான். அலுமினியத்துக்கு மேலே செம்பு பூசிய கேபிளைத் தலையில் கட்டியிருப்பார்கள். பெட்டியில் கேட்-6 என்று பெரிதாக அச்சடித்திருக்கும். மலிவு விலைப் பெட்டியில் பாதி இதுதான்.

பார்ப்பது எளிது. ஒரு கம்பியை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். உள்ளே எட்டுக் கம்பியும் இரண்டிரண்டாக முறுக்கி நாலு ஜோடியாக இருக்கும். இன்னும் உறுதியாக வேண்டுமென்றால், ஒரு முனையில் ஒரு ஜோடியின் இரண்டு கம்பியையும் சேர்த்து முறுக்கி, மறுமுனையில் மல்டிமீட்டரை ஓம்ஸில் வையுங்கள். 23 கேஜ் (கம்பியின் கனம்) நல்ல செம்பு என்றால் ஒரு கம்பிக்கு 100 மீட்டருக்கு ஏழு ஓம் பக்கம் வரும். போக வர இரண்டு கம்பி, அதனால் 40 மீட்டர் கேபிளுக்கு ஐந்தரை ஓம் போல. எட்டு, ஒன்பது காட்டினால் ஏமாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். மீட்டர் ஒயரின் சொந்த ஓம்ஸைக் கழிக்க மறக்காதீர்கள்.

கேபிள் உறையில் மீட்டருக்கு மீட்டர் எண் அச்சிட்டிருக்கும். இரு முனையிலும் அதையும் குறித்து வாருங்கள். நீளம் தெரியாமல் எதுவும் பேச முடியாது.

ஓட்டுப்பள்ளி டீச்சர்

நவம்பர் 1 மாவட்டத்துக்கு உள்ளூர் விடுமுறை என்பதால் பள்ளி காலி. இரண்டு பையன்களைக் கூட்டிக்கொண்டு போய் அளந்தேன்.

பிளேடில் சுரண்டினால் உள்ளே வரை சிவப்பு. 42 மீட்டர் கேபிள் ஒன்று 5.7 ஓம். கேபிள் நல்லதுதான் போல, அண்ணே.

லேப் கேபிள்தான் அதிர்ச்சி. சுவரைத் துளைக்கப் பயந்து தாழ்வாரத்தையும் வெளிச்சுவரையும் சுற்றிக் கொண்டுபோயிருக்கிறார்கள். ரேக்கிலிருந்து 78 மீட்டர். அங்கே முற்றத்து மாமரத்துக்குப் பக்கத்தில் இன்ஸுலேஷன் டேப் சுற்றிய ஒரு இணைப்பு. அதற்கப்புறம் 35 மீட்டர். டேப்பைப் பிரித்தால் உள்ளே தண்ணீர் சொட்டுகிறது, கம்பியெல்லாம் பச்சை பிடித்திருக்கிறது.

மார்த்தாண்டம் கேபிள்காரன்

சரி, கேபிள் விஷயத்தில் நான் சொன்னது தப்பு. கடைக்காரரை வீணாகத் திட்டிவிட்டேன்.

113 மீட்டர்! சுவரில் நிரந்தரமாகப் போகும் கேபிள் 90, இரண்டு முனையிலும் பேட்ச் கார்டு (கருவியில் செருகும் குட்டைக் கேபிள்) சேர்த்து மொத்தம் 100 மீட்டர். அதுதான் கணக்கு. அதற்கு மேல் ஓடினால் அதிர்ஷ்டம். நடுவில் இணைப்பு, அதுவும் மழையில். இதில் இத்தனை நாள் லேப் ஓடியதே ஆச்சரியம்.

ஷார்ஜா தக்கலைக்காரன்

இங்கே பதினொரு வருடமாக இதே வேலைதான் பார்க்கிறேன். லேப் கேபிளைச் சரிசெய்ய நினைக்காதீர்கள், கழற்றி எறியுங்கள். நீளம் மட்டுமல்ல காரணம். இரண்டு கட்டடத்துக்கு நடுவே திறந்தவெளியில் செம்பு போகவே கூடாது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் தனி எர்த். பக்கத்தில் இடி இறங்கினால் இரண்டு எர்த்துக்கும் நடுவே உண்டாகும் மின்னழுத்த வித்தியாசம் அந்தக் கேபிள் வழியாகத்தான் பாயும். உங்கள் போர்ட் இரண்டு முனையிலும் போனது அதனால்தான். நேரடியாக இடி விழ வேண்டும் என்றே இல்லை.

ஃபைபர் போடுங்கள், அது கண்ணாடி இழை, கரண்டு கடத்தாது. ஊரில் வீட்டுக்கு வீடு இன்டர்நெட் கொடுக்கும் கேபிள் டிவி ஆபரேட்டரிடம் ஃபைபரை இணைக்கும் ஸ்பிளைசிங் மெஷின் இருக்கும், அரை நாள் வேலை. சிங்கிள் மோட் வகை ஃபைபர், இரண்டு முனைக்கும் ஒரு ஜோடி எஸ்எஃப்பி (ஃபைபரை ஸ்விட்சில் செருக உதவும் சின்ன மாட்யூல்). ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். அவர்கள் கொண்டுவரும் தட்டையான டிராப் கேபிளில் தாங்குவதற்காக ஒரு எஃகுக் கம்பி கூடவே வரும். அதையும் உள்ளே கொண்டுபோனால் திரும்ப மின்னலுக்கு வழி வைத்தது போல ஆகிவிடும். சுவருக்கு வெளியே கொக்கியில் அந்தக் கம்பியைக் கட்டி நறுக்கிவிட்டு, ஃபைபரை மட்டும் உள்ளே விடச் சொல்லுங்கள். கம்பியே இல்லாத கேபிள் கிடைத்தால் இன்னும் நல்லது.

அந்த ஆறு பாயிண்டுக்கு எனக்கு விடை தெரியவில்லை. நீளம் குறைவு, செம்பு நல்லது, எட்டு விளக்கும் எரிகிறது. பேட்ச் கார்டு மாற்றிப் பார்த்தீர்களா?

ஓட்டுப்பள்ளி டீச்சர்

மாற்றிவிட்டேன். கம்ப்யூட்டரையும் மாற்றிவிட்டேன். அந்த ஆறில் மட்டும்தான்.

ஓய்வுபெற்ற ஜாயிண்டர்

முப்பத்தி ரெண்டு வருஷம் டெலிபோன் கேபிள் ஜாயிண்ட் போட்டவன் நான். இந்தக் கம்ப்யூட்டர் கேபிளில் பெரிய அனுபவம் கிடையாது. ஆனால் ஜோடி என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். டீச்சர், அந்த ஆறு இடத்திலும் பிளக்கை வெளிச்சத்தில் திருப்பிப் பிடித்து, இடமிருந்து வலமாக நிறத்தை அப்படியே எழுதுங்கள். வேறு எதுவும் செய்ய வேண்டாம்.

ஓட்டுப்பள்ளி டீச்சர்

அண்ணாச்சி, ஆறிலும் ஒரே மாதிரி: வெள்ளை-நீலம், நீலம், வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. ரேக் முனையிலும் அதே வரிசை. இரண்டு பக்கமும் ஒன்றாக இருந்தால் போதும் என்று செய்தவர் சொன்னார்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. நல்ல எட்டு பாயிண்டும் மரச்சட்டத்தில் ஐஓ பாக்ஸ் (கேபிள் முனையைக் கட்டும் ஜாக் உள்ள பெட்டி) வைத்த இடம். இந்த ஆறில் பாக்ஸே இல்லை. சுண்ணாம்புச் சுவரில் திருகு நிற்கவில்லை, காரை உதிர்ந்து குழியாகிறது என்று, கேபிள் முனையில் நேரே பிளக் அடித்துத் தொங்கவிட்டுப் போனார்கள்.

ஓய்வுபெற்ற ஜாயிண்டர்

நினைத்தது சரி. அது டெலிபோன்காரன் வரிசை. நீலம், ஆரஞ்சு, பச்சை, பழுப்பு என்று நாங்கள் ஜோடி எண்ணுவோம். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் பிளக்கில் ஜோடி 1-2, 3-6, 4-5, 7-8. மூன்றும் ஆறும் ஒரே முறுக்கில் வர வேண்டும். உங்கள் வரிசையில் மூன்றாவதில் வெள்ளை-ஆரஞ்சு, ஆறாவதில் பச்சை. அதாவது வேறு வேறு முறுக்கிலிருந்து ஆளுக்கொரு கம்பியைப் பிடித்து ஜோடி என்று கட்டிவைத்திருக்கிறார்கள். நான்கு-ஐந்தும் அப்படித்தான்.

முறுக்கு எதற்கு? இரண்டு கம்பியும் சேர்ந்தே சுற்றுவதால் வெளி இரைச்சல் இரண்டிலும் சமமாக ஏறி, முனையில் கழிந்துபோகும். பக்கத்து ஜோடியின் பேச்சும் அப்படித்தான் கழியும். ஜோடி பிரிந்தால் அந்தக் கழித்தல் நடக்காது. டெலிபோனில் இதற்கு ஸ்பிளிட் பேர் என்று பெயர். பக்கத்து வீட்டுக்காரர் பேசுவது மெல்லக் கேட்கும், அதை வைத்தே கண்டுபிடிப்போம். இங்கே கேட்காது, பாக்கெட் (துண்டு துண்டாகப் போகும் தரவு) கெட்டுப்போகும், அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்கள் டெஸ்டர் கம்பி அறுந்திருக்கிறதா, இடம் மாறியிருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. யார் யாரோடு முறுக்கியிருக்கிறார் என்று அதற்குத் தெரியாது. அதனால் எட்டும் எரிகிறது.

ஷார்ஜா தக்கலைக்காரன்

அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடு. ஜிகாபிட்டுக்கு நாலு ஜோடியும் வேண்டும். முயன்று பார்த்து முடியாமல் ஸ்விட்ச் 100-க்கு இறங்கியிருக்கிறது. 100-க்கு 1-2, 3-6 போதும் என்றாலும், அந்த 3-6 பிரிந்து கிடப்பதால்தான் காப்பி நின்று நின்று போகிறது.

சரியான வரிசை: வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம், வெள்ளை-நீலம், பச்சை, வெள்ளை-பழுப்பு, பழுப்பு. ஆனால் பிளக் மறுபடி அடிக்காதீர்கள். ரேக்கில் பேட்ச் பேனல் (ஜாக்குகள் வரிசையாக உள்ள பலகை), இந்தப் பக்கம் ஐஓ பாக்ஸ். ஜாக்கின் பக்கவாட்டிலேயே நிறம் அச்சிட்டிருக்கும், குழம்ப வழியில்லை. முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரிக்க வேண்டாம்.

திருவட்டாறு ஒயரிங்

பாக்ஸ் நிற்கவில்லை என்ற விஷயத்துக்கு வருகிறேன், இது எங்கள் பாடு. பழைய சுண்ணாம்புக் காரையில் பிளாஸ்டிக் பிளக் வைத்துத் திருகு போட்டால் நிற்காது. காரை ஒரு அங்குலம், அதற்குப் பின்னால் கல்லும் மண்ணும் சுண்ணாம்பும். டிரில்லை ஹேமரில் போட்டதுமே பெரிய பத்தை கழன்று வரும்.

நான் செய்வது இது. மேலே உத்திரத்திலிருந்து கேபிளை இறக்கி, கதவு நிலை அல்லது சன்னல் நிலையில் பாக்ஸ் வைப்பேன். மரத்தில் திருகு எங்கும் போகாது. நிலை இல்லாத சுவர் என்றால், ஒரு தேக்கு ரீப்பரை (ஒல்லியான மரச்சட்டம்) மேலும் கீழும் கல்லுக்கு நடுவே கெட்டியான இடம் பார்த்து இரண்டே திருகில் நிறுத்தி, கேபிளை மூடும் கேசிங்கும் பாக்ஸும் அந்த ரீப்பரில். கெட்டியான இடத்தைச் சுத்தியலால் தட்டியே கண்டுபிடிக்கலாம், பொத்தலான காரை வேறு சத்தம் போடும்.

சுவரைத் தாண்ட துளை போடுமுன் ஏற்கெனவே இருக்கும் ஓட்டையைத் தேடுங்கள். கதவுக்கு மேல் வெண்டிலேட்டர், பழைய மணி ஒயர் போன துவாரம், ஏதாவது இருக்கும். போட்டே தீர வேண்டும் என்றால் முதலில் ஹேமர் இல்லாமல் சின்ன பிட். வெளிப்புறம் சற்றுச் சரிவாக, இல்லாவிட்டால் மழை உள்ளே இறங்கும். உதிர்ந்த இடத்தைச் சிமென்டால் பூசாதீர்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும், சிமென்ட் அதை அடைத்துவிடும், இரண்டு வருடத்தில் சுற்றிலும் காரை ஊதும். சுண்ணாம்பும் மணலும் குழைத்துப் பூசினால் போதும்.

கரண்டு பைப்போடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்து ஒரு சாணாவது தள்ளுங்கள். குறுக்கே போக வேண்டிய இடத்தில் நேர் குறுக்காகப் போகட்டும்.

ஓட்டுப்பள்ளி டீச்சர்

டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழா விடுமுறை. அன்று எல்லாவற்றையும் முடித்தோம்.

ஆறு பாயிண்டில் ஐந்துக்கு சன்னல் நிலையில் பாக்ஸ், ஒன்றுக்கு ரீப்பர். ஆறும் ஜிகாபிட். 8-ஆம் வகுப்பு அறையில் இரண்டு ஜிபி வீடியோவைக் காப்பி செய்து காட்டியபோது தலைமையாசிரியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார், அரை நிமிடம்கூட ஆகவில்லை. லேபுக்கு ஃபைபர், ஆபரேட்டர் தம்பி மூன்று மணி நேரத்தில் முடித்தார். எஃகுக் கம்பியை வெளியே நறுக்கச் சொன்னதும் "யார் சொல்லித் தந்தது?" என்று கேட்டார். ஷார்ஜா என்றேன்.

அண்ணாச்சி, பழைய பிளக் ஒன்றை வெட்டாமல் எடுத்துவைத்திருக்கிறேன், பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குக் காட்ட.

இப்போது வேறு ஒரு தொல்லை. மச்சுக்கு மேலே ராத்திரி மரநாய் ஓடுகிறது. ஒரு கேபிளின் உறையில் பல் பட்டிருக்கிறது, கம்பி வரை போகவில்லை. என்ன செய்யலாம்?

திருவட்டாறு ஒயரிங்

மரநாயா எலியா என்று பல் இடைவெளியைப் பாருங்கள். ரெட்டைக் கோடு நெருக்கமாக இருந்தால் எலி. எதுவானாலும் மச்சுக்கு மேலே போகும் கேபிள் எல்லாம் பிவிசி பைப்புக்குள் போகட்டும், பைப்பின் முனை இரண்டையும் இரும்பு நார் வைத்து அடையுங்கள். மரநாய் உள்ளே வருவது உடைந்த ஓடு வழியாகத்தான். ஏணி கிடைத்தால் முதலில் அதை மாற்றுங்கள்.