மைக்ரேனுக்கு எடுத்தவுடனே டிரமடால் ஊசியா?

இரவுப்பணி:
அவசரப் பிரிவுக்கு மைக்ரேனோட வர்றவங்க வலியில துடிக்கிறாங்க. டிரமடால் (ஓபியாய்டு, அதாவது அபின் வகை வலி மருந்து) போட்டு அடக்குறதுதான் மனிதாபிமானம். மெட்டோகுளோபிரமைடு (வாந்தியை நிறுத்தி, மைக்ரேன் வலியையும் குறைக்குற மருந்து) போட்டா சிலர் படுக்கையில இருக்க முடியாம எழுந்து நடக்குறாங்க. தலைக்கு சி.டி. ஸ்கேனும் எல்லாருக்கும் எடுத்துடணும், மூளை ரத்தக்கசிவை விட்டுடக் கூடாது.

நரம்புவழி:
அந்தத் தவிப்பு பெரும்பாலும் ஊசியைத் தள்ளுற வேகத்தால வர்றது. மெட்டோகுளோபிரமைடு 10 மி.கி.யை 100 மி.லி. சலைன்ல கலந்து 15 நிமிஷம் ஓடவிடுங்க, நல்லாவே குறையும். காலை ஆட்டிக்கிட்டே "என்னமோ பண்ணுது, நான் கிளம்புறேன்"னு ஒருத்தர் சொன்னா அதைப் பதற்றம்னு எழுதிடாதீங்க. அது அகத்தீசியா, மருந்து செய்யுற வேலை.

ஓபியாய்டு பத்தி: 2017-ல வெளிவந்த ஆய்வுல புரோகுளோர்பெரசின் (மெட்டோகுளோபிரமைடு மாதிரி வாந்தி மருந்து) 10 மி.கி.யும் கூடவே டைஃபென்ஹைட்ரமின்ங்கிற அலர்ஜி மருந்தும் வாங்கினவங்கள்ல 60 சதவீதம் பேருக்கு வலி குறைஞ்சு 48 மணி நேரம் நின்னுச்சு. ஹைட்ரோமார்ஃபோன்ங்கிற ஓபியாய்டு வாங்கினவங்கள்ல 31 சதவீதம்தான். வித்தியாசம் அவ்வளவு தெளிவா இருந்ததால ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திட்டாங்க.

இரவுப்பணி:
ஹைட்ரோமார்ஃபோன் வேற, டிரமடால் வேற. அதோட, மாரடைப்பு வந்தவருக்கு ரத்தக்குழாயைச் சுருக்குற மைக்ரேன் மருந்து சுமாட்ரிப்டான் ஆகாது, சிறுநீரகம் கெட்டவருக்கு கீட்டோரோலாக்ங்கிற வலி ஊசி ஆகாது. அவங்களுக்கு என்ன வழி?

நரம்புவழி:
மெட்டோகுளோபிரமைடு ரத்தக்குழாயைச் சுருக்காது. அதோட பாராசிட்டமால் 1 கிராம் ஐ.வி.யா (ரத்தநாளம் வழியா) கொடுக்கலாம். டிரமடாலே வாந்தியைக் கிளப்பும், ஏற்கெனவே குமட்டுறவருக்கு அது எதுக்கு? மாசத்துல 10 நாள் ஓபியாய்டுன்னு மாசக்கணக்கா போனா மருந்தாலேயே தலைவலி நிலைச்சுடும்.

கேள்விமுதல்:
சி.டி. விஷயத்துக்கு வர்றேன். "திடீர்னு வந்துச்சா?"ன்னு கேட்டா பலரும் ஆமாம்னுதான் சொல்வாங்க. "ஆரம்பிச்சு எத்தனை நிமிஷத்துல உச்சத்துக்குப் போச்சு?"ன்னு கேளுங்க. ஒரு நிமிஷத்துக்குள்ளன்னா உடனே சி.டி. ஆறு மணி நேரத்துக்குள்ள எடுத்த படம் அநேகமா எந்தக் கசிவையும் விடாது. அதுக்கு மேல ஆயிட்டா, படம் சுத்தமா இருந்தாலும் முதுகுத்தண்டு நீரைப் பார்க்கணும், இல்லைன்னா ஆஞ்சியோ (மூளை ரத்தக்குழாய்ப் படம்) எடுக்கணும். காய்ச்சல், கழுத்து விறைப்பு, ஐம்பது வயசுக்கு மேல புதுசா வந்த வலி, கர்ப்பம், பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்கள் எல்லாம் எச்சரிக்கைதான். வழக்கமான மைக்ரேனுக்கு சி.டி. வேண்டாம். ஒண்ணு மட்டும்: மருந்துக்கு வலி அடங்கிடுச்சுன்னு கசிவு இல்லைன்னு முடிவு கட்டாதீங்க, கசிவு வலியும் அடங்கும்.

இரவுப்பணி:
15 நிமிஷ சலைனை ஏத்துக்குறேன். ஆனா வீட்டுக்குப் போய் மறுநாளே திரும்பி வர்றாங்களே?

நரம்புவழி:
அதுக்கு அனுப்புறதுக்கு முன்னாடி டெக்ஸாமெத்தசோன் (ஸ்டீராய்டு மருந்து) 10 மி.கி. ஒரே ஒரு தடவை. இப்போ இருக்குற வலியைப் பெருசா குறைக்காது. அடுத்த மூணு நாள்ல வலி திரும்புறதைக் குறைக்கும். சர்க்கரை நோயாளின்னா சர்க்கரை ஏறும்னு சொல்லி அனுப்புங்க.