இறந்தகாலத்தில் எழுதினால் கட்சி ஒழிந்துவிட்டதா? – '1984' பற்றி ஒரு வாக்குவாதம்

கறுப்புமசி:
"ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலில் துளி நம்பிக்கை கிடையாது. கடைசிப் பக்கத்தில் எல்லாக் கதவும் மூடிவிடுகிறது" என்று வெயிலோன் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. எது சார் கடைசிப் பக்கம்? கட்சி பிடித்து உடைத்துப்போட்ட கதாநாயகன் வின்ஸ்டன், செஸ்ட்நட் ட்ரீ கஃபேயில் ஜின்னோடு உட்கார்ந்து, கட்சித் தலைவன் பெரியண்ணன் மேல் அன்பு பொங்க அழுகிறானே, அதுவா? அதற்குப் பிறகும் புத்தகம் இருக்கிறது. கதையில் ஓஷியானியா நாட்டை ஆளும் கட்சி, மக்களின் சிந்தனையைக் குறுக்குவதற்காகச் செய்த மொழியான நியூஸ்பீக் பற்றிய பின்னிணைப்பு. அதன் முதல் வரி: நியூஸ்பீக் ஓஷியானியாவின் ஆட்சிமொழியாக *இருந்தது*. 'இருக்கிறது' இல்லை, 'இருந்தது'. கட்சி ஒழிந்த பிறகு யாரோ உட்கார்ந்து எழுதிய ஆய்வு அது. 1949இல் முதல் பதிப்பு வந்த நாளிலிருந்து புத்தகத்திலேயே இருக்கிறது.

வெயிலோன்:
பின்னிணைப்பை நான் படிக்கவில்லை என்று யார் சொன்னது? நாவல் முழுவதுமே இறந்தகாலம்தான். ஏப்ரல் மாதக் குளிர்நாளில் கடிகாரங்கள் பதின்மூன்று *அடித்துக்கொண்டிருந்தன* என்றுதான் தொடங்குகிறது. அதற்காகக் கடிகாரங்களும் ஒழிந்துவிட்டனவா? கதை சொல்கிறவர் இறந்தகாலத்தில் சொல்வார். ஒரே ஒரு வினைமுற்றை வைத்துக்கொண்டு ஒரு சர்வாதிகாரத்தையே கவிழ்த்துவிட்டீர்கள்.

கறுப்புமசி:
கதை வேறு, கட்டுரை வேறு. பின்னிணைப்பில் வின்ஸ்டன் இல்லை, அவன் காதலி ஜூலியா இல்லை, சம்பவமே இல்லை. 1984ஆம் ஆண்டில் நியூஸ்பீக்கை மட்டுமே வைத்துப் பேசவோ எழுதவோ செய்தவர் எவரும் இன்னும் *இருக்கவில்லை* என்கிறது. அந்த ஆண்டைத் திரும்பிப் பார்த்து எழுதுகிற ஆள்தான் இப்படி எழுத முடியும். 2050 வாக்கில் பழைய மொழியை நியூஸ்பீக் முழுக்க விழுங்கியிருக்கும் என்று *எதிர்பார்க்கப்பட்டது* என்கிறது. விழுங்கியது என்று எங்கேயும் இல்லை! அப்புறம் மொழியைப் பாருங்கள். நியூஸ்பீக்கின் வாடையே இல்லாத சுத்தமான சாதாரண ஆங்கிலம். 1776இன் அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்திலிருந்து ஒரு பத்தியை அப்படியே எடுத்துப் போட்டு, இதை நியூஸ்பீக்கில் சொல்ல வேண்டுமானால் 'சிந்தனைக்குற்றம்' என்ற ஒற்றைச் சொல்லில்தான் அடைக்க வேண்டும் என்று விளக்குகிறார். கட்சி ஆளும்போது அந்தப் பத்தியைக் கையில் வைத்திருக்க எவனுக்குத் துணிச்சல் வரும்?

முத்துச்சிப்பி:
முதலில் நம்பிக்கை என்று எதைச் சொல்கிறோம்? வின்ஸ்டன் பிழைப்பதையா, கட்சி விழுவதையா, படிக்கிறவர் மனதில் மிஞ்சுவதையா? அதை முடிவு செய்யாமல் பேசினால் எங்கே போய் நிற்கும்? இன்னொன்று, நியூஸ்பீக் என்றே ஏன் எழுதுகிறீர்கள்? 'புதுப்பேச்சு' என்று அழகாகச் சொல்லலாமே.

வெயிலோன்:
துணிச்சலா? கதையில் கட்சியின் பரம எதிரி என்று சொல்லப்படும் கோல்ட்ஸ்டைனின் புத்தகத்தை மறந்துவிட்டீர்களே. கட்சியின் தில்லுமுல்லு அத்தனையையும் புட்டுப்புட்டு வைக்கிற புத்தகம். அதை எழுதியவர்களில் தானும் ஒருவன் என்று, வின்ஸ்டனைச் சித்திரவதை செய்யும் கட்சிக்காரன் ஓ'பிரையன் வாயாலேயே சொல்கிறான். தன்னைத் திட்டுகிற நூலையே தயாரித்த கட்சிக்கு ஒரு மொழிக் கட்டுரை எழுத எவ்வளவு நேரம் ஆகும்? வின்ஸ்டனின் வேலையே பழைய செய்தித்தாளைத் திருத்துவதுதான். அந்த உலகத்துத் தாளில் 'இருந்தது' என்று கண்டால் நம்பிவிடுவீர்களா?

கறுப்புமசி:
கோல்ட்ஸ்டைன் புத்தகம் ஆள் பிடிக்க வைத்த பொறி. இலக்கணக் கட்டுரையை வைத்து யாரைப் பிடிப்பார்கள்? கனடா எழுத்தாளர் மார்கரெட் அட்வுட்டும் இதே 'இருந்தது'வைத்தான் சுட்டிக்காட்டுகிறார். 1985இல் வந்த அவருடைய 'தி ஹேண்ட்மெய்ட்ஸ் டேல்' நாவலும் பிற்கால ஆய்வரங்கு ஒன்றோடுதான் முடிகிறது. நான் தனியாக நின்று உளறவில்லை.

வெயிலோன்:
அட்வுட் பெரிய எழுத்தாளர். அவர் சொல்வதெல்லாம் ஆர்வெல் சொன்னதாகிவிடாது.

ஆந்தைக்கண்:
ஒரு விஷயம் சொல்லலாமா? நான் முதலில் படித்தது ஒரு பழைய ஆங்கிலப் பிரதி. கடைசி அத்தியாயத்தில் மேசைத் தூசியில் வின்ஸ்டன் விரலால் எழுதுவான் இல்லையா, அங்கே '2 + 2 =' என்று மட்டும் இருந்தது. பக்கத்தில் வெற்றிடம். கடைசி நொடியில் அவன் எழுத மறுத்துவிட்டான் என்று நினைத்து அந்தப் பக்கத்தைத் தடவிப் பார்த்தேன். பல வருடம் கழித்து வேறு பதிப்பில், கட்சி சித்திரவதை செய்து அவனை ஒப்புக்கொள்ள வைத்த அந்த '5' தெளிவாக நின்றது. ஒரு இலக்கம் அச்சில் விழாமல் போயிருக்கிறது, அவ்வளவுதான். இன்றைக்கும் எனக்கு அந்த வெற்றிடம்தான் ஞாபகம் வருகிறது.

வெயிலோன்:
இதைத்தான் சொல்கிறேன். நம்பிக்கை வேண்டும் என்று ஏங்குகிறவனுக்கு அச்சுப்பிழையிலும் தெரியும், வினைமுற்றிலும் தெரியும்.

கறுப்புமசி:
அச்சுப்பிழையும் இதுவும் ஒன்றா! அமெரிக்காவில் ஒரு பெரிய புத்தகக் கழகம், பின்னிணைப்பையும் கோல்ட்ஸ்டைன் பகுதியையும் வெட்டினால் வெளியிடுகிறோம் என்றது. ஆர்வெல் முடியாது என்றுவிட்டார். காசநோயோடு போராடிக்கொண்டிருந்த மனுஷன், கைக்கு வரும் பணத்தைவிட அந்தப் பக்கங்கள் முக்கியம் என்று நினைத்தார். ஏன் என்று சொல்லுங்கள்.

வெயிலோன்:
கட்டிய வீட்டில் ஒரு தூணை உருவ எந்தக் கொத்தனார்தான் சம்மதிப்பார்? அதற்காக அந்தத் தூணுக்குள் கட்சி செத்துக் கிடக்கிறது என்று ஆகிவிடுமா? போன மாதம், கஃபேயிலேயே வின்ஸ்டனைச் சுட்டுவிட்டார்கள் என்று மூன்று நாள் சண்டை போட்டவர்தானே நீங்கள்?

கறுப்புமசி:
வெகுநாள் எதிர்பார்த்த தோட்டா அவன் மூளைக்குள் நுழைகிறது என்று எழுதியிருக்கிறதா இல்லையா?

வெயிலோன்:
அது அவன் காணும் கனவு. வெள்ளை ஓடு பதித்த நடைபாதையில், முதுகுக்குப் பின்னால் காவலனோடு நடப்பதாக நினைத்துக்கொள்கிறான். உடம்பு கஃபே நாற்காலியில்தான் இருக்கிறது. அங்கே 'நுழைகிறது' என்றால் நிஜத் தோட்டா, இங்கே 'இருந்தது' என்றால் நிஜ வீழ்ச்சி. எல்லாவற்றையும் நேர்ப்பொருளிலேயே படிக்கிறீர்கள்.

முத்துச்சிப்பி:
என் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

கறுப்புமசி:
முத்துச்சிப்பி, 'புதுப்பேச்சு' வேண்டாம். பேச்சு என்றால் உயிரோடு இருக்கிற ஒன்று, இது சொற்களைக் கொன்று செய்த பொருள். வெயிலோன், தோட்டாவுக்குள் ஒளிய வேண்டாம். முதல் அத்தியாயத்திலேயே ஒரு அடிக்குறிப்பு இருக்கிறது. வின்ஸ்டன் டைரியைத் திறப்பதற்கு முன்பே அதே வாக்கியம்: நியூஸ்பீக் ஓஷியானியாவின் ஆட்சிமொழியாக *இருந்தது*, விவரத்துக்குப் பின்னிணைப்பைப் பார்க்கவும். கதைக்கு அடிக்குறிப்பு போடுகிற அந்தக் கை யாருடையது? கட்சியுடையதா?

வெயிலோன்:
ஆர்வெல்லுடையது. ஆசிரியர் அடிக்குறிப்பு போடக் கூடாதா?

கறுப்புமசி:
ஆர்வெல் எழுதியது 1948இல். அவருக்கு 1984 எதிர்காலம். எதிர்காலத்தில் இருக்கிற மொழியை அவர் ஏன் 'இருந்தது' என்று எழுத வேண்டும்?

வெயிலோன்:
கடிகாரங்கள் பதின்மூன்று அடித்ததும் அவருக்கு எதிர்காலம்தான். முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன், மேலே போய்ப் பாருங்கள்.

கறுப்புமசி:
பார்த்துவிட்டேன். அடிக்குறிப்புக்கு அங்கே பதில் இல்லை.