மாடல்ஸ்.பை-யை உடைக்கலன்னா ஜூனியராம்!

பைத்தான்பித்தன்: "ஜாங்கோ ப்ராஜெக்ட் பெருசாச்சுன்னா ஒரு மாடலுக்கு ஒரு ஃபைல், அப்படிப் பண்ணாதவன் ஜூனியர்"னு ஒரு மேதை நேத்து எழுதியிருக்கார். ஜாங்கோன்னா பைத்தான்ல வெப் ஆப் எழுதற ஃப்ரேம்வொர்க்; மாடல்னா ஒரு டேட்டாபேஸ் டேபிளுக்கான கிளாஸ், வழக்கமா எல்லாம் மாடல்ஸ்.பை-ங்கற ஒரே ஃபைல்ல இருக்கும். மாடல்ஸ் ஃபோல்டர் போட்டு உடைச்சா ஒவ்வொரு மாடலையும் இனிட் ஃபைல்ல (அந்த ஃபோல்டரோட __init__.py) இம்போர்ட் பண்ணணும், புதுசா எழுதுனதுல ஒண்ண மறந்தீங்கன்னா மேக்மைக்ரேஷன்ஸ் (மாடல் மாறினா டேபிளை மாத்தறதுக்கான மைக்ரேஷன் ஃபைலை எழுதற கமாண்ட்) "நோ சேஞ்சஸ் டிடெக்டட்"னு சொல்லிட்டுப் போய்டும், அப்புறம் ராத்திரி முழுக்க உக்காந்து தேடுங்க.

கோடுகுமரன்: அந்த மேதை நான்தான், பேர் சொல்லியே திட்டலாம். இனிட்ல போடலன்னாலும் பிடிக்கும். அட்மின்.பை-ல (ஜாங்கோவோட அட்மின் பக்கத்துக்கான ஃபைல்) ரெஜிஸ்டர் பண்ணியிருந்தா ஜாங்கோ கிளம்பும்போதே மாடல் லோட் ஆயிடும். டாக்குமென்டேஷன் படிங்க.

பைத்தான்பித்தன்: அட்மின் புண்ணியத்துல ஓடுது, அதான சார் வம்பே. எங்க டீம்ல ஒருத்தர் கூப்பன் மாடலை அட்மின்ல இருந்து எடுத்தார். மத்த இடத்துலலாம் சர்க்குலர் இம்போர்ட்டுக்கு (ரெண்டு ஃபைல் ஒண்ண ஒண்ணு இம்போர்ட் பண்ணி முட்டிக்கறது) பயந்து ஃபங்ஷனுக்குள்ள இம்போர்ட் பண்ணி வச்சிருந்தாங்க, அது ஜாங்கோ கிளம்பும்போது ஓடாது. அடுத்த ஆள் மேக்மைக்ரேஷன்ஸ் அடிச்சா "டிலீட் மாடல் கூப்பன்"னு வந்து நிக்குது. பாக்காம மெர்ஜ் பண்ணியிருந்தா டேபிளே காலி. இனிட் ஃபைல் சார், இனிட் ஃபைல்.

ரெயில்ஸ்ராணி: எங்க ரெயில்ஸ்ல (ரூபி மொழியோட வெப் ஃப்ரேம்வொர்க்) ஃபைலை ஆப்/மாடல்ஸ்குள்ள போட்டா போதும், தானா லோட் ஆகும் 😌

பைத்தான்பித்தன்: அக்கா, உங்க யூசர் மாடலைத் திறந்தா வரிசையா கன்சர்ன்தான் (தனி ஃபைல்ல இருக்கற மெத்தட் மூட்டை) இன்க்ளூட் ஆகியிருக்கு, மெத்தட் எங்க இருக்குன்னு க்ரெப் (ஃபைல்களுக்குள்ள வார்த்தை தேடற கமாண்ட்) போட்டுத்தான் தேடணும். நீங்க பேசலாமா?

பழையசோறு: ஜாங்கோ 1.6 வரைக்கும் இப்படி உடைச்சா ஒவ்வொரு மாடலோட மெட்டாலயும் (மாடலுக்குள்ள இருக்கற செட்டிங்ஸ் கிளாஸ்) ஆப் லேபிள் (ப்ராஜெக்ட்ல எந்த ஆப், அதாவது எந்தப் பகுதியோடதுங்கற பேர்) எழுதணும். 2014-ல 1.7 வந்துதான் அந்தத் தொல்லை ஒழிஞ்சுது. தனித்தனி ஆப்பா பிரிங்கப்பா, ஃபாரின் கீயை (இன்னொரு மாடலுக்கான இணைப்பு) மாடல் பேரை ஸ்ட்ரிங்கா எழுதிக் குடுங்க, சர்க்குலர் பிரச்சனையும் பாதி போய்டும். ஆமா, "பெருசு"ன்னா எவ்ளோ பெருசு?

கோடுகுமரன்: ஆப் மாத்துனா டேபிள் பேர் முன்னாடி இருக்கற ஆப் பேரும் மாறும், டேபிளைத் தொடாம மைக்ரேஷன் கணக்கை மட்டும் மாத்த செபரேட்-டேட்டாபேஸ்-அண்ட்-ஸ்டேட் எழுதணும், கன்டென்ட் டைப்ஸ் (எந்த ஆப்ல எந்த மாடல்னு ஜாங்கோ வச்சிருக்கற பட்டியல்) வேற கழுத்தறுக்கும். ஒரே ஆப்புக்குள்ள ஃபைலை உடைச்சா மைக்ரேஷனே வராது.

பைத்தான்பித்தன்: வராதா? டிலீட் மாடல் வந்துச்சே, அது என்ன அழைப்பிதழா?

கோடுகுமரன்: இனிட்ல போடாதது உங்க டீம் தப்பு. சிஐ-ல (கோடு மாறினா தானா ஓடற சோதனை) மேக்மைக்ரேஷன்ஸ்க்கு செக் ஆப்ஷன் போட்டிருந்தா அங்கயே மாட்டியிருக்கும். என் புல் ரெக்வெஸ்ட்டை (கோடைச் சேத்துக்கக் கேட்டு அனுப்பனது) "நேமிங் சரியில்ல"ன்னு ஒரு மாசம் தொங்கவிட்டவர்தானே நீங்க, தெரியும் எனக்கு.

பைத்தான்பித்தன்: இப்ப "இனிட்ல போடாதது தப்பு", மேல "போடலன்னாலும் பிடிக்கும்". ரெண்டுல எது? நேமிங் இன்னைக்கும் சரியில்லதான், "டேட்டாமேனேஜர்2"ன்னு எவனாவது கிளாஸுக்குப் பேர் வைப்பானா?

கோடுகுமரன்: கான்டெக்ஸ்ட் புரியாம பேசறவங்ககிட்ட என்னத்த சொல்ல. மொதல்ல டோனை மாத்துங்க.

பைத்தான்பித்தன்: டோன் கெடக்கட்டும். இனிட் ஃபைல். போடணுமா, வேணாமா?

ரெயில்ஸ்ராணி: அது சரி, க்ரெப் போட்டுத் தேடறதுல என்ன கேவலம்? ஜாங்கோக்காரங்க என்ன ஜோசியம் பாத்தா கண்டுபிடிக்கறீங்க?